கேள்வி கேட்ட பிள்ளையின் நாட்கள்

இளமையில் கேள்வி கேளாதவர் எவருமிலர். கேட்ட கேள்விகளை முதுமையில் நேர்மையோடு நினைவுகூர்பவரோ மிகச் சிலர். பலர் தம் இளமைக் கேள்விகளை மறந்துவிடுகின்றனர். வேறு சிலர் அவற்றுக்கு மெருகேற்றித் தம்மைச் சிறு வயதிலேயே ஞானியாய்ப் பிறந்தவர் போல் காட்டிக்கொள்கின்றனர். இவ்விரு குற்றங்களுக்கும் பெரும்பாலும் ஆளாகாத ஒரு நூலை இவ்விதழ் வாசகர்முன் வைக்க விழைகின்றோம். எகிப்திய எழுத்தாளர் டாக்டர் தாஹா ஹுஸைனின் ‘அல் அய்யாம்’ அந்நூல். ‘நாட்கள்’ என்பது அதன் பொருள்.

தாஹா ஹுஸைன் 1889ஆம் ஆண்டு மேல் எகிப்தின் மின்யா மாநிலத்தில், மகாகா என்னும் ஊருக்கு அருகிலுள்ள சிற்றூரில் பிறந்தார். பதின்மூன்று பிள்ளைகளில் அவர் ஏழாமவர். தந்தை சர்க்கரை ஆலை ஒன்றில் சிறு பணியாளர். மழலைப் பருவத்திலேயே கண்ணோய் கண்டது. சில நாட்கள் எவரும் பொருட்படுத்தவில்லை. பின்னர் ஊர் நாவிதர் வந்து செய்த வைத்தியத்தில் பார்வை முற்றிலும் போயிற்று. அந்தப் பிள்ளைதான் ஏறத்தாழ ஒன்பது வயதில் திருக்குர்ஆனை மனனம் செய்து, 1902இல் அல் அஸ்ஹருக்குச் சென்று, 1914இல் புதிய எகிப்தியப் பல்கலைக் கழகத்தின் முதல் டாக்டர் பட்டத்தையும், 1918இல் பாரிஸ் ஸோர்போனில் இப்னு கல்தூனைப் பற்றிய ஆய்வுக்காக மற்றொரு டாக்டர் பட்டத்தையும் பெற்றது. 1950இல் தன் நாட்டின் கல்வியமைச்சராயிற்று. 1973 அக்டோபரில் தாஹா ஹுஸைன் காலமானார்.

‘அல் அய்யாம்’ முதற்பாகம் எழுந்த வேளையையும் நாம் கருதவேண்டும். 1926இல் அவர் வெளியிட்ட ‘ஜாஹிலிய்யாக் கவிதை பற்றி’ என்னும் ஆய்வு நூல் எகிப்தில் பெரும் புயலைக் கிளப்பியது. இஸ்லாத்திற்கு முற்பட்டவை என்று கருதப்பட்ட கவிதைகளிற் பெரும்பகுதி பிற்காலத்தார் புனைந்தவை என்று அவர் வாதிட்டார். கவிதையோடு நில்லாமல் சமய நம்பிக்கையைத் தொடும் சில வாசகங்களையும் அதில் எழுதிவிட்டார். உலமாக்கள் கொதித்தனர், அறிஞர் பலர் மறுப்பு நூல்கள் எழுதினர், வழக்கு அரசு வழக்கறிஞர்வரை சென்று 1927இல் கைவிடப்பட்டது. அதே ஆண்டில் அந்நூல் சர்ச்சைக்குரிய பகுதி நீக்கப்பட்டு வேறு பெயரில் வெளிவந்தது. இந்தப் புயல் வீசிய 1926, 1927 ஆண்டுகளில்தான் ‘அல் ஹிலால்’ இதழில் ‘அல் அய்யாம்’ தொடராக வந்தது. 1929இல் நூலுருப் பெற்றது.

அந்த ஆய்வு நூலின் முடிவுகள் பலவற்றை இன்றைய ஆராய்ச்சியாளர்களே ஏற்பதில்லை. அதனை இங்கு நாம் வழக்காட எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தப் பூசலால் ‘அல் அய்யாமை’ இருசாராரும் தவறாகவே படித்தனர் என்பது நம் துணிபு. ஒரு சாரார் அதனை மரபின்மேல் எறியப்பட்ட கல்லென்றனர். மறுசாரார் அதனை மரபுக்கெதிராக ஏற்றப்பட்ட கொடியென்றனர். நூலைத் திறந்து அமைதியாகப் படிப்பவர்க்குக் கல்லும் தென்படாது, கொடியும் தென்படாது. ஒரு சிறுவன் தென்படுவான்.

அச்சிறுவனை ஆசிரியர் ‘நான்’ என்று ஓரிடத்திலும் அறிமுகம் செய்வதில்லை. ‘அவன்’ என்றும், ‘சிறுவன்’ என்றும், ‘நம் தோழன்’ என்றும் படர்க்கையிலேயே சொல்லிச் செல்கிறார். இது வெறும் அலங்காரம் என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வாறன்று. ‘நான்’ என்று எழுதும்போது தன்னைக் காத்துக்கொள்ளும் ஆசை பேனாமுனையில் வந்து அமர்ந்துகொள்ளும். ‘அவன்’ என்று எழுதும்போது அவனைப் பார்த்துச் சிரிக்கலாம், கண்டிக்கலாம், அவனுக்காக இரங்கலாம். நாற்பதை நெருங்கும் பேராசிரியர் ஒருவர், வெட்டவெளியில் தட்டுத் தடுமாறி நிற்கும் ஒரு குருட்டுச் சிறுவனுக்குச் சற்று விலகி நின்று அவனைக் கவனிக்கிறார். நூலின் நேர்மையெல்லாம் அந்த விலகலிலிருந்தே பிறக்கிறது.

முதலில் கலையைப் பற்றி அச்சிறுவன் அறிந்தது என்ன என்று பார்ப்போம். வீட்டுக்கு வெளியே சோளத்தட்டை வேலி ஒன்று. அதற்கப்பால் உலகம் உண்டென்று அவனுக்குத் தெரியும். செல்ல வழி தெரியாது. முயல்கள் அந்த வேலியினூடே நுழைந்து செல்கின்றன, அவனால் முடியவில்லை. அவற்றின்மேல் அவனுக்குப் பொறாமை. மாலை மங்கியதும் ஊர்ப் பாடகர் ஒருவரைச் சூழ்ந்து மக்கள் அமர்வர். அபூஸைத், கலீஃபா, தியாப் முதலிய வீரர்களின் கதையை, பனூ ஹிலால் கோத்திரத்தாரின் பழங்காதையை அவர் இனிய குரலில் பாடுவார். சிறுவன் வேலியில் சாய்ந்தபடி கேட்டு நிற்பான். கதை உச்சத்தை எட்டும் வேளையில் அக்கா வந்து அழைப்பாள். அவன் மறுப்பான். அவள் அவனை வாரித் தூக்கிக்கொண்டு உள்ளே போவாள். தாயின் மடியில் கிடத்தி, எரிச்சலூட்டும் மருந்தை அவன் கண்களில் விடுவர்.

கலையின் இனிமையும் வாழ்வின் எரிச்சலும் ஒரே மாலையில், ஒன்றன்பின் ஒன்றாக அவனை வந்தடைந்தன. இதற்கு ஆசிரியர் விளக்கம் எழுதவில்லை, தத்துவம் பேசவில்லை. வேலியையும் பாட்டையும் மருந்தையும் அடுத்தடுத்து வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். தேர்ந்த கலைஞனின் அடக்கம் இதுவென்போம்.

இன்னொரு நிகழ்ச்சி. உணவுத் தட்டில் ஒரு கையை இடுவதற்குப் பதிலாக இரு கைகளாலும் கவளத்தை எடுத்துப் பார்த்தால் என்ன என்று ஒருநாள் அவனுக்குத் தோன்றுகிறது. எடுக்கிறான். உடன்பிறந்தார் வாய்விட்டுச் சிரிக்கின்றனர். தாய் அழுகிறாள். தந்தை துயரம் தோய்ந்த மெல்லிய குரலில் உண்ணும் முறையைச் சொல்லிக்கொடுக்கிறார். அன்றோடு அவன் தன் அசைவுகளையெல்லாம் சுருக்கிக்கொள்கிறான். சிந்திவிடும் உணவுகளை விலக்குகிறான். பின்னாளில், சிரியாவின் மஅர்ரா ஊரில் வாழ்ந்த கண்ணிழந்த கவிஞர் அபுல் அலா அல் மஅர்ரி (973–1057) மறைவாகத் தனித்தே உண்டார் என்ற செய்தியைப் படித்தபோது, அதன் காரணத்தை அவனுக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தாஹா ஹுஸைனின் 1914ஆம் ஆண்டு டாக்டர் பட்ட ஆய்வு அந்த மஅர்ரியைப் பற்றியதே. ஒருவன் தன் ஆய்வுப் பொருளை நூலகத்தில் மட்டுமே தேர்ந்தெடுப்பதில்லை. சிறுவயதுச் சாப்பாட்டுத் தட்டிலும் அது அவனுக்காகக் காத்திருக்கலாம்.

இனி, ஊரார் ஐயமின்றி ஏற்றிருந்த கருத்துகளை அச்சிறுவன் எவ்வாறு எதிர்கொண்டான்? மூன்று நிகழ்ச்சிகளை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, அவன் தங்கையின் மரணம். நான்கு வயதுக் குழந்தை. வீட்டார் அனைவருக்கும் செல்லம். பெருநாள் ஆயத்தங்கள் நடக்கின்றன. குழந்தை சில நாட்களாகச் சோர்ந்து கிடக்கிறாள். எந்தக் குழந்தைதான் நோயென்று முனகாது, நாளைக்கு எழுந்துவிடும் என்று விட்டுவிடுகின்றனர். நோய் முற்றுகிறது, குழந்தை வீறிட்டு அலறுகிறாள். தாய் அணைத்துக்கொள்கிறாள், தந்தை ஒதுங்கித் தொழுது இறைஞ்சுகிறார். மருத்துவரை அழைக்கவேண்டுமென்று மட்டும் எவருக்கும் தோன்றவில்லை. குழந்தை அடங்கிவிடுகிறாள். தன் கண்கள் போனதும் இதே விதமாகத்தான் என்பதை ஆசிரியர் இங்கேதான் சொல்கிறார்.

இப்பகுதியை மார்க்க நிந்தனை என்று கண்டித்தவர்கள் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. கத்ரு மீதான நம்பிக்கையை ஆசிரியர் இங்குக் குறை சொல்லவில்லை. கவனியாமையைச் செய்துவிட்டு அதற்கு விதியென்று பெயரிடும் வழக்கத்தையே அவர் குத்திக்காட்டுகிறார். ஒட்டகத்தைக் கட்டிய பிறகே தவக்குல் என்று கற்பித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்தினர் இதில் புண்படுவதற்கு ஒன்றுமில்லை, வெட்கப்படுவதற்கு இருக்கக்கூடும்.

இரண்டாவது, அண்ணனின் மரணம். பதினெட்டு வயது; மருத்துவக் கல்லூரியில் சேரவிருந்தவன். 1902இல் எகிப்தில் காலரா பரவியபோது ஊர் மருத்துவருக்குத் துணையாய் நின்று உழைத்தான். ஆகஸ்ட் 21ஆம் நாள் அந்நோய்க்கே பலியானான். அந்நாளின் தேதியை நூல் குறித்து வைத்திருக்கிறது. நாள் கிழமைகளில் அக்கறை காட்டாத ஒரு நூலில் இது தனித்து நிற்கிறது.

அதன்பின் சிறுவன் செய்த ஒரு கணக்கை நாம் மறக்கவே முடியாது. பதினைந்து வயதில் தொழுகையும் நோன்பும் கடமையாகின்றன என்று அவன் கேட்டிருந்தான். அண்ணன் பதினெட்டில் இறந்தான். தொழுகையில் அவன் அலட்சியமாய் இருந்தவன். ஆகவே மூன்றாண்டுத் தொழுகையும் நோன்பும் அவன்மேல் கடனாய் நிற்கின்றன! அந்தக் கடனை அடைக்கச் சிறுவன் முற்படுகிறான். நாளொன்றுக்கு ஐந்து வேளையை இருமுறை தொழுகிறான். ஒன்று தனக்கு, மற்றொன்று அண்ணனுக்கு. தனக்கொரு மாதமும் அண்ணனுக்கொரு மாதமும் நோன்பு நோற்கிறான். தன் பங்கு உணவிலிருந்து ஏழை அநாதைகளுக்குக் கொடுக்கிறான். ஸூரத்துல் இக்லாஸை ஆயிரக்கணக்கில் ஓதி அண்ணனுக்கு ஹத்யா செய்கிறான்.

தொழுகைக்கு இத்தகைய பதிலி ஏற்புடையதா என்பது ஃபிக்ஹு நூல்களின் ஆய்வு. நாம் கேட்பது வேறு. தங்கை இறந்தபோது வீட்டாரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திய அதே உள்ளம்தான், அண்ணன் இறந்தபோது இப்படிக் கைவிரல்களில் எண்ணியது. அவன் கேள்விக்கும் அவன் வணக்கத்திற்கும் ஊற்று ஒன்றே, அது பாசம். இதனைக் காணாதவர் அச்சிறுவனை நாத்திகன் என்பர். அல்லது பகுத்தறிவுப் போராளி என்பர். இரண்டும் அவனுக்குப் பொருந்தாத சட்டைகள்.

மூன்றாவது நிகழ்ச்சி இரண்டாம் பாகத்தில் வருகிறது. அஸ்ஹரிலிருந்து விடுமுறைக்கு ஊர் திரும்புகிறான் சிறுவன். அண்ணன் வரும்போது நடக்கும் தடபுடல் வரவேற்பு தனக்கும் இருக்குமென்று எதிர்பார்க்கிறான். அப்படியொன்றும் நடக்கவில்லை. எவரும் அவனைப் பொருட்படுத்தவில்லை. சில நாட்களில் அவன் வாய் திறக்கிறது. தந்தை நாள்தோறும் பக்தியுடன் ஓதிவரும் ‘தலாயிலுல் கைராத்’தை ஓதுவது பயனற்றது என்கிறான். அவ்லியாக்களை வஸீலாவாக்குவது கூடாதென்கிறான். தந்தை சினந்து, நாவை அடக்கு என்கிறார். மறுமுறை இப்படிப் பேசினால் கெய்ரோவுக்கே அனுப்பாமல் ஊரிலேயே நிறுத்தி, மய்யித்து வீடுகளில் ஓதுகிறவனாக்கிவிடுவேன் என்று மிரட்டுகிறார்.

‘தலாயிலுல் கைராத்’ தமிழ் முஸ்லிம் வீடுகளுக்குப் புதிதன்று. அதைப் பற்றியும் வஸீலாவைப் பற்றியும் நம்மிடையேயும் இரு கருத்துகள் உண்டு. அவ்விவாதத்தில் தீர்ப்பளிப்பது திறனாய்வாளன் வேலையன்று. நம் கவனத்தைக் கவர்வது ஆசிரியர் தம் சிறுவனிடம் காட்டும் கண்டிப்பு. அந்த வாதத்தை அவன் தொடுத்தது முழுக்க முழுக்க உண்மையின் பொருட்டன்று. புறக்கணிப்பால் புண்பட்ட மனம் தன்னைப் பிறர் திரும்பிப் பார்க்கவேண்டும் என்று ஏங்கியதும் காரணம் என்பதை அவர் ஒளிக்கவில்லை. ஊரே தன்னைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் அவனுக்கு உண்டான மகிழ்ச்சியையும் எழுதியிருக்கிறார். புரட்சியாளர்கள் எழுதும் சுயசரிதைகளில் இத்தகைய வாக்குமூலம் எளிதில் கிடைப்பதில்லை.

அதைவிடச் சிறப்பானது தந்தையின் நடத்தை. சினம் தணிந்தபின் அவர் மகனிடம் அஸ்ஹரைப் பற்றி விசாரிக்கிறார். அண்ணன் என்ன பாடம் கேட்கிறான், ஷைகு முஹம்மது அப்துஹு என்ன சொல்கிறார், பழைய உலமாக்கள் அதற்கு என்ன மறுமொழி கூறுகின்றனர் என்று துருவித் துருவிக் கேட்கிறார். கேட்டவற்றைத் தம் நண்பர்களிடம் போய்ச் சொல்லி மகிழ்கிறார். மிரட்டிய அதே மனிதர்! மகனின் கருத்தை அவர் ஏற்றுக்கொண்டார் என்பதற்கில்லை. ஆனால் கதவைச் சாத்திவிடவும் இல்லை. அந்த இரவு உரையாடல்கள் நிகழ்ந்திராவிட்டால் தாஹா ஹுஸைன் என்னும் எழுத்தாளர் உருவாகியிருப்பாரோ என்னவோ. அந்த மகனுக்கு ஒரு தந்தை இல்லாமற் போயிருப்பார் என்பது மட்டும் உறுதி.

அஸ்ஹர் வாழ்வில் அவனுக்கு வாய்த்த பெரும்பேறு ஷைகு ஸய்யித் அல் மர்ஸஃபீயின் இலக்கிய வகுப்பு. அபூதம்மாமின் ‘ஹமாஸா’வையும் முபர்ரதின் ‘காமில்’ நூலையும் அவர் நடத்தினார். உரைக்கு உரை, உரைக்கு விளக்கம், விளக்கத்துக்குக் குறிப்பு என்று அடுக்கிச் சென்ற பாடமுறைக்கிடையே, கவிதையைக் கவிதையாகச் சுவைக்கலாம் என்று கற்பித்தவர் அவர். அந்த வகுப்பே ஒரு சோதனைக்கும் வழிவகுத்தது. ‘காமில்’ நூலில் கொடுங்கோலன் ஹஜ்ஜாஜின் கூற்றொன்று வருகிறது. அதனால் அவன் காஃபிர் என்று அக்கால ஃபகீஹுகள் தீர்த்ததாகவும் நூல் சொல்கிறது. மாணவன் தாஹா, ஹஜ்ஜாஜின் சொல் அதபு கெட்ட சொல். ஆனால் குஃப்ராகாது என்றான். இது மேலிடம் சென்றது. அவனும் தோழர் இருவரும் அழைக்கப்பட்டனர். பெயர் நீக்கப்பட்டதாகச் சொல்லப்பட்டது. ‘காமில்’ வகுப்பும் நிறுத்தப்பட்டது. பெயர்கள் உண்மையில் நீக்கப்படவில்லை, அச்சுறுத்தவே அவ்வாறு சொல்லப்பட்டது என்பது பின்னரே தெரிந்தது. அவன் எடுத்த நிலை எத்தனை மிதமானது என்பதை வாசகர் கவனிக்கவேண்டும். ஒரு முஸ்லிமைக் காஃபிரென்று சொல்ல அஞ்சிய மாணவனே ஐயத்திற்குரியவனாக நின்றான்!

இத்தனை சிறப்புள்ள நூலில் நாம் காணும் குறை ஒன்றுண்டு. அதை மறைப்பது முறையன்று. சிறுவனுக்குக் குர்ஆன் கற்பித்த ஊர் ஆசிரியரை நூல் ‘ஸய்யிதுனா’ என்றே அழைக்கிறது. பார்வை மங்கி, மாணவர் இருவரின் தோளில் கைபோட்டு நடப்பவர்; தம் குரல் இனியதென்று நம்பி வழியெல்லாம் பாடிச் செல்பவர்; கூலியிலும் வெகுமதியிலும் கண்ணாயிருப்பவர். சிறுவன் மனனத்தை மறந்துவிட, தந்தை விருந்தினர்முன் ஸூரத்துஷ் ஷுஅராவை ஓதச் சொல்ல, ‘தா ஸீன் மீம்’ என்ற எழுத்துகளைத் தாண்ட முடியாமல் அவன் வியர்த்து நிற்கும் காட்சி படிப்போர் நெஞ்சைப் பிசையும். பின்னர் ஆசிரியர் தம் தாடியை அவன் கையிற் கொடுத்து, இதன் மானத்தைக் காப்பாற்று என்று சத்தியம் வாங்குமிடம் நகைக்க வைக்கும். எல்லாம் சரி. ஆனால் நகைப்பு அங்கே அளவு மீறிவிட்டது.

தாஹா ஹுஸைனின் நடையைக் கேட்டுப் பாருங்கள். கேட்டு என்றே சொல்கிறோம். அவர் எழுதியவையெல்லாம் வாயால் சொல்லி எழுதுவிக்கப்பட்டவை. சொல்லைத் திரும்பச் சொல்லி அலைபோல் எழுப்புவதும், வாக்கியத்தோடு வாக்கியத்தை இணையாக நிறுத்துவதும், ஓசை முடியுமிடத்தில் பொருளும் முடிய வைப்பதும் அந்நடையின் இயல்புகள். இந்தச் செவி அவருக்கு எங்கிருந்து வந்தது? பாரிஸிலிருந்து வரவில்லை. கிராமத்துப் பாயில் அமர்ந்து, திருமறையை நாள்தோறும் உரத்து ஓதி ஓதித் தேய்ந்த தொண்டையிலிருந்து வந்தது. அதை ஓத வைத்தவர், எத்தனைக் குறையுள்ளவராயினும், அந்த ஸய்யிதுனாதான். பாடகருக்கு நன்றி தெரிவிக்கும் நூல், மர்ஸஃபீக்கு நன்றி தெரிவிக்கும் நூல், இவருக்கு ஒரு வரி நன்றி தெரிவிக்கவில்லை. மரபை வினவிய பிள்ளை, அம்மரபு தந்த நாவினால்தான் வினவினான் என்பதை நூலின் பொருள் சொல்ல மறந்துவிட்டது. அதன் ஓசை மட்டும் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

முதற்பாகம் முடியுமிடத்தில் ஆசிரியர் தம் ஒன்பது வயது மகளை நோக்கிப் பேசுகிறார். உன் தந்தை உன் வயதில் எப்படியிருந்தான் என்பதை இதுவரை உனக்குச் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாயோ அழுவாயோ என்றஞ்சினேன் என்னும் கருத்துப்படப் பேசுகிறார். ஒருநாள் ஈடிபஸ் மன்னனின் கதையைச் சொல்லிவந்தபோது, கண்ணிழந்த மன்னனை மகள் கைப்பிடித்து நடத்திச் செல்லும் கட்டத்தில் அவள் தேம்பித் தேம்பி அழுததை நினைவுகூர்கிறார். அஸ்ஹரில் வெறும் ரொட்டியும் பாகும் உண்டு கிடந்த நாட்களில், ஊருக்கு வந்து பெற்றோரிடம் தான் சுகமாயிருப்பதாய்ப் பொய் சொன்னதையும் அங்கேதான் தெரிவிக்கிறார். பெற்றோரிடம் மறைத்தான், மகளிடமும் மறைத்தான். இரு தலைமுறைக்கும் சொல்லாததை இறுதியில் உலகிற்குச் சொன்னான்.

இதைப் படிக்கும் குடும்பங்களுக்கு நாம் கூறக்கூடியது சிறிதே. நம் வீட்டு இளைஞர்களும் வாழ்வைப் பற்றி, கலையைப் பற்றி, நாம் காலங்காலமாய் ஏற்றுவரும் வழக்கங்களைப் பற்றி எண்ணுகிறார்கள். சிலவற்றை உரத்துக் கேட்கிறார்கள், பலவற்றை விழுங்கிக்கொள்கிறார்கள். கேட்பதில் அகந்தையும் கலந்திருக்கும், அன்பும் கலந்திருக்கும். எது எவ்வளவு என்று அறிய ஒரே வழி, அந்த எகிப்தியத் தந்தையைப் போல், சினம் தீர்ந்த பிறகேனும் அருகிலமர்ந்து, மேலே சொல் என்பதுதான். இளைஞர்களும் ஒன்றை உணரவேண்டும்: தாம் கேள்வி கேட்கும் மொழியையே தமக்குக் கற்றுத் தந்தவர் அந்த வீட்டில்தான், அந்த ஓதும் பள்ளியில்தான் இருந்தார். அவர் குறைகளை எண்ணும்போது அவருக்குப் பட்ட கடனையும் சேர்த்தெண்ணுவது நீதி. தாஹா ஹுஸைன் எண்ணத் தவறிய அந்த ஒரு கணக்கை நம் பிள்ளைகள் எண்ணிப் பார்ப்பார்களாக.